முதுகில் இரண்டு தட்டு

முதல் பாட்டு முழுசாக உள்ளே வருவதற்கே இரண்டு நிமிடம் ஆயிற்று. இவனுக்கு எப்போதும் வாசலில் செருப்பைக் கழற்றவே அரைமணி நேரம் வேண்டும் என்று நினைத்தாள் சுகிர்தா. நினைத்த கையோடு, இதை விமர்சனத்தில் எழுதிவிடக் கூடாது என்றும் நினைத்தாள், ஆல்பத்துக்கும் செருப்புக்கும் என்ன சம்பந்தம். மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை, காது இரண்டையும் பொத்திக்கொண்டு ஹெட்போன், மணி பத்து இருபது. பதினோரு வருடமாக அவள் வேலை செய்யும் முறை இதுதான். எந்த ஆல்பம் வந்தாலும் ஒரே மூச்சில், நிறுத்தாமல், ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்பாள். கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தால் ஆல்பம் சுமார். கை நின்றுபோனால் அங்கே என்னமோ இருக்கிறது, நல்லதோ கெட்டதோ, நிமிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியது. இப்படித்தான் மார்க் போடுகிறாள் என்று அவள் எழுதுகிற இணையப் பத்திரிகையை வாசிக்கிற பையன்களுக்குத் தெரிந்தால் ஒருவனும் மதிக்கமாட்டான். பத்திரிகை நடத்துகிற இம்தியாசுக்குக்கூடத் தெரியாது. அக்கா பெரிய பெரிய ஸ்பீக்கர் வைத்து, அறையை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், பாவம். இரண்டாவது பாட்டு வந்துகொண்டிருக்கிறது. சுத்தமாக வருகிறது. கை ஓடுகிறது, ஓடட்டும்.

ஆல்பத்தின் பேர் 'உப்பளம்'. ஜெபராஜ் மரக்காணம் பக்கம் உப்பளம் தெரிகிற வீடு எடுத்திருக்கிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதனால் இந்தப் பேராக இருக்கும். பதின்மூன்று பாட்டு, எழுபத்தோரு நிமிடம். ஒரு பாட்டும் அவனுடையது இல்லை. டி.ஜே. என்கிறவன் மெட்டுப் போடுகிறவன் இல்லை, அடுத்தவர் பாட்டுகளை இடைவெளி தெரியாமல் தொடுத்துத் தருகிறவன். அதை விளக்கிச் சொல்லிச் சொல்லி அவள் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. "அப்ப இவரு என்னதான் பண்றாரு?" என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாள். இவர் என்ன பண்ணுகிறார் என்றால், அம்மா, ஒரு பாட்டு முடிவதற்கு முன்னாலேயே இன்னொன்றைக் கூட ஓடவிடுகிறார், இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓடும், பிறகு பழையது மெல்லக் கரைந்துபோகும், எந்த இடத்தில் மாறியது என்று கேட்கிறவருக்குத் தெரியக் கூடாது, அதுதான் தொழில். அந்தத் தொழிலை வீட்டிலும் காட்டினார். முதலில் ஹெட்போன் போனது, பிறகு சின்ன ஸ்பீக்கர், நிகழ்ச்சி புதுச்சேரியில் என்று சட்டைகள் நாலு, நிகழ்ச்சி முடிந்தும் சட்டைகள் வரவில்லை, அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மேசையே இல்லை. என்றைக்குப் போனான் என்று யாராவது கேட்டால் அவளுக்குத் தேதி சொல்லத் தெரியாது. இருபது மாதம் என்று தோராயமாகச் சொல்வாள். "எனக்குத் தனியா இருக்கணும் சுகி. யாரும் வேண்டாம். நீன்னு இல்ல, யாருமே." இது மட்டும் போனில் சொன்னான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்த 'யாருமே'வைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இருபது மாதம் ஓட்டியிருக்கிறாள். தன்னை விட்டுவிட்டு இன்னொருத்தியிடம் போகவில்லை, தனிமைக்குத்தான் போயிருக்கிறான், தனிமையிடம் தோற்பதில் ஒரு பெண்ணுக்கு என்ன அவமானம்.

மூன்றாவது பாட்டில் ஒரு பெண்குரல், வார்த்தை இல்லாமல் ஆ ஆ என்று மட்டும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் ஹெட்போனைத் தாண்டி உள்ளே வந்து சுருதி சேர்ந்துகொண்டது. டிரான்ஸ் என்றால் கேட்காதவர்களுக்கு இரைச்சல், நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு அடி, ஒரே மாதிரி, மாவு மெஷின் ஓடுகிற மாதிரி. கேட்டவர்களுக்குத்தான் தெரியும், நடுவில் ஒரு இடத்தில் மேளம் சட்டென்று நின்றுவிடும், ராகம் மட்டும் மேலே மேலே ஏறும், நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடும், அப்போது மேளம் திரும்ப விழும். அந்த விழுகிற இடத்துக்காகத்தான் ஆயிரம் பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்கள். சுகிர்தாவுக்கு அதெல்லாம் தெரியாமல்தான் இருந்தது. பெரம்பூர் சர்ச் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடிக்கொண்டிருந்தவள், யாருடையதோ கல்யாண விருந்தில் இந்தத் திருநெல்வேலிக்காரன் மேசை போட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், "அண்ணே, ரெண்டு மேளமும் ஒண்ணா விழலை" என்று சொல்லிவிட்டாள். தப்புக் கண்டுபிடித்துத்தான் அவன் வாழ்க்கைக்குள் போனாள். 'அண்ணே' என்று வேறு கூப்பிட்டுத் தொலைத்ததை அவன் பத்தொன்பது வருடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள், அவளுக்குக் குற்றம் பார்த்துத்தான் சுற்றமே வந்தது. போனது மட்டும் எதனால் என்று தெரியவில்லை. நாலாவது பாட்டு. இதுவும் சுத்தம். அழகாகத்தான் வாசித்திருக்கிறான், பாவி. முறத்தில் காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம், இதுவரை தாளில் ஒரு குறிப்பும் இல்லை.

இம்தியாசிடம் சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, ஜெப்னு ஒருத்தர், ஈசிஆர் பக்கம் ரொம்ப வருஷமா வாசிக்கறாராம், முதல் ஆல்பம், உங்களைத் தவிர டிரான்ஸ் கேக்க நம்மகிட்ட யாரு இருக்கா, எட்டுக்கு மேல போட்டீங்கன்னா பெங்களூர் டிசம்பர் விழாவுக்குக் கூப்பிட்டுடுவாங்க, அவங்க நம்ம மார்க்கைத்தான் பாக்கறாங்க" என்று அவன் மூச்சுவிடாமல் சொன்னபோது, அந்த ஜெப் என்பவர் ஜெபராஜ் என்றும், இன்னும் ரேஷன் கார்டில் என் பேருக்கு மேலே இருக்கிற பேர் என்றும், புருஷன் வாசித்ததற்குப் பெண்டாட்டி மார்க் போடுவது நியாயம் இல்லை என்றும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அனுப்புங்க தம்பி" என்றாள். பெங்களூர் விழா என்பது அவனுக்கு என்ன என்று இம்தியாசுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து குத்துப்பாட்டுப் போடச் சொல்லும்போதெல்லாம் அவன் முகம் போகிற போக்கைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். ஏழரை போட்டால் போதும், கதை முடிந்தது, ஏழரைக்குக் காரணம் கேட்கிற காது இந்தத் தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு இருக்குமா. ஆனால் அவள் வாங்கிக்கொண்டது பழிவாங்க இல்லை. சத்தியமாக இல்லை. சரி, கொஞ்சம் இருக்கலாம். இன்னொன்றும் இருந்தது. இந்தப் பத்திரிகையில் டிரான்ஸ் கேட்பது யார் என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதானே அனுப்பியிருக்கிறான். வேறு நாலு பத்திரிகை இருக்கிறதே. அவளுடைய காதுக்கு என்று அனுப்பியிருந்தால்? இது சரியாக இருக்கிறதா சுகி என்று கேட்கிற மாதிரி, எழுபத்தோரு நிமிடத்துக்கு ஒரு கேள்வி? அடச்சீ, நாற்பத்து மூன்று வயதில் இது என்ன நினைப்பு என்று கீரைக்காம்பை வெடுக்கென்று ஒடித்தாள்.

ஜெபராஜிடம் ஒரு குறை உண்டு. வெளியே யாருக்கும் தெரியாது. இரண்டு பாட்டும் சேர்ந்து ஓடும்போது ஒன்று நூலளவு வேகமாகப் போய்விட்டால் மேளம் இரட்டிக்கும், குதிரை ஓடுகிற மாதிரி டகடக டகடக என்று கேட்கும். அது எல்லாருக்கும் நடக்கிறதுதான். கோணுகிறது என்பது அவனுக்கும் கேட்கும். எது முன்னால் போகிறது, எது பின்தங்குகிறது என்பது மட்டும் கேட்காது. அந்த ஒன்று மட்டும் அவனுக்குக் கடவுள் வைக்கவில்லை. அதனால் முதலில் தப்பான பக்கம் தள்ளுவான், கோணல் இன்னும் கூடும், பதறிப்போய் எதிர்ப்பக்கம் இழுப்பான், சரியாக வர பதினாறு அடி ஆகும். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் தானே சேர்ந்துகொள்ளும், அதைத் தொடமாட்டான், தொட்டால் சோற்றில் கை வைக்க யோக்யதை இல்லை என்பான். தொழில் சுத்தம் அப்படி. "ஏட்டி, எது ஓடுது, புதுசா பழசா?" என்று முதல் முதலில் அவன் திரும்பிக் கேட்டபோது இரைச்சலில் அவள் சொன்னது அவன் காதில் விழவில்லை, முதுகில் தட்டினாள். அப்படி வந்ததுதான். அவன் மேசைக்கு முன்னால் நிற்பான், அவள் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். ஒரு தட்டு என்றால் புதியது பின்தங்குகிறது, தள்ளு. இரண்டு தட்டு என்றால் புதியது முந்துகிறது, பிடி. கோணல் வெளியே தெரிவதற்குள் சரியாகிவிடும். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது, பின்னால் ஒருத்தி தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் தெரியும். பத்தொன்பது வருடம் அவன் சட்டை நனைந்து ஒட்டிய அந்த முதுகைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள், முகத்தைவிட. இப்போது அந்த முதுகுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. தனியாக இருக்கிறான். தனியாக வாசித்திருக்கிறான். ஆகவே எங்காவது கட்டாயம் கோணியிருக்கும், தப்பான பக்கம் தள்ளியிருப்பான், பதினாறு அடி குதிரை ஓடியிருக்கும். அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள். மார்க்காவது மண்ணாங்கட்டியாவது. தான் இல்லாமல் அவன் தடுக்கி விழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

ஐந்து, ஆறு, ஏழு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்கள், காதில் விட்டுக்கொண்டு கேட்கிறாள், ஒன்றும் அகப்படவில்லை. எட்டாவது பாட்டுக்குக் கதவு மணி அடித்தது, அல்லது அடித்த மாதிரி இருந்தது. எழுந்து போகவில்லை, நிறுத்துவது வழக்கம் இல்லை. யாராக இருக்கும்? ஒருவேளை அவனே வந்து நின்றால்? அவனுடைய ஆல்பத்தைக் காதில் மாட்டிக்கொண்டிருப்பதாலேயே அவன் வந்து மணி அடித்தது கேட்காமல் போனால்? இந்த மாதிரி பயங்கள் இருபது மாதத்தில் நிறைய வந்திருக்கின்றன. குளிக்கும்போது போன் அடிப்பதாக, ரயிலில் போகும்போது எதிர் ரயிலில் போவதாக. மணி மறுபடி அடிக்கவில்லை. ஒன்பதாவது பாட்டில் கை ஒரு கணம் நின்றது, தப்பால் அல்ல, அழகால். இரண்டு ராகமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எது எது என்று தெரியாமல், ஒரு நிமிடம் முழுக்க. தாளில் நாற்பத்தேழு என்று எழுதினாள். எழுதும்போது கோபம் வந்தது. இவ்வளவு நன்றாக வாசிக்கத் தெரிந்தவன் என்னோடு இருந்தபோது ஏன் இப்படி வாசிக்கவில்லை? அல்லது வாசித்தானோ, தப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்குத்தான் கேட்கவில்லையோ? ஒவ்வொரு தட்டும் அவனுக்கு, நீ தப்பு நீ தப்பு என்று விழுந்திருக்குமோ? தட்டி முடித்ததும் அந்த முதுகை ஒரு தடவையாவது தடவிக்கொடுத்தேனா? நினைவில்லை. நினைவில்லை என்பதே வலித்தது. பத்தாவது பாட்டு வந்து பத்து நொடி ஆன பிறகுதான் வந்ததையே கவனித்தாள், பதினோரு வருடத்தில் அப்படி ஒரு பாட்டை அவள் தவறவிட்டதில்லை.

பதினொன்றில் மேளம் நின்றது. இங்கேதான் என்று உடம்பு சொல்லியது. பழைய பாட்டில் மேளம் இல்லாத நேரம் பார்த்து அவன் புதியதை உள்ளே விடுவான், அது அவனுக்குப் பிடித்த வேலை, ஆபத்தானதும்கூட. மேளம் இல்லாதபோது இரண்டும் ஒன்றாகப் போகிறதா என்று தெரியாது, இருட்டில் கைபிடித்து நடக்கிற மாதிரிதான், மேளம் திரும்பி விழும்போதுதான் தெரியும். இந்த இடத்தில் அவன் வழுக்காத நாள் இல்லை. ராகம் ஏறுகிறது. கீரை கையில் அப்படியே நிற்கிறது. இன்னும் ஏறுகிறது. விழு, ஜெபா, விழு என்று நெஞ்சுக்குள் சொன்னாள், சொன்னதற்காக வெட்கப்படவில்லை. மேளம் விழுந்தது. கோணல். நூலளவு, ஆனால் கோணல், புதியது முந்துகிறது. அவள் வலது கை தானாக எழும்பி முன்னால் காற்றில் இரண்டு தட்டுத் தட்டியது, முருங்கை இலைகள் தரையில் சிதறின. இப்போது தப்பான பக்கம் தள்ளுவான், இதோ, குதிரை ஓடப்போகிறது, இதோ. ஓடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்தாவது அடியில் புதியது பின்வாங்கி, பழையதன் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. முதல் தடவையிலேயே சரியான பக்கம்.

பொத்தானை அமுக்கிவிட்டான் என்று முதலில் நினைத்தாள். இல்லை. பொத்தான் என்றால் கோணலே வந்திருக்காது. பிறகு கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியிருப்பான் என்று நினைத்தாள். வெட்டி ஒட்டுகிறவன் அந்த நாலு அடிக் கோணலை மட்டும் எதற்கு விட்டுவைப்பான். கற்றுக்கொண்டிருப்பான், மனிதன் கற்றுக்கொள்ள முடியாதா, தனியாக உட்கார்ந்து ராப்பகலாகக் கேட்டுக் கேட்டு. கற்றுக்கொண்டிருக்கட்டும், நல்லதுதானே. ஆனால் பத்தொன்பது வருடம் கேட்காதது இருபது மாதத்தில் கேட்குமா? கேட்டால் உடனே கை போயிருக்கும். இங்கே கோணல் வந்து, ஒரு சின்ன நேரம் ஒன்றும் நடக்காமல் இருந்து, அப்புறம் கை தயங்காமல் சரியான பக்கம் போகிறது. தானாகத் தெரிந்து திருத்துகிறவன் தடவித் தடவித்தான் போவான். சொன்னதைக் கேட்டுத் திருத்துகிறவன்தான் இப்படிக் காத்திருந்து நேரே போவான். அந்தச் சின்ன நேரம் எது என்று இந்த உலகத்தில் அவளுக்குத்தான் தெரியும். ஒரு காது கேட்டு, ஒரு கை எழும்பி, ஒரு முதுகில் இரண்டு தட்டு விழ ஆகிற நேரம் அது. அவனுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஆணாகவும் இருக்கலாம் என்று ஒரு நொடி தன்னை ஏமாற்றிப் பார்த்தாள், அந்த ஏமாற்றல்கூட நிலைக்கவில்லை. யாருமே வேண்டாம் என்றவன், யாருமே. கீழே உதிர்ந்த இலைகளைக் குனிந்து பொறுக்கினாள், பொறுக்கியதை மறுபடி கீழேயே போட்டாள், என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. நெஞ்சு நிஜமாகவே வலித்தது, விலாவுக்கு உள்ளே, கையை வைத்து அமுக்கிக்கொள்ளலாம் போல. ஆனால் அந்த வலிக்கு நடுவிலும் இந்தக் கேடுகெட்ட காது சும்மா இருக்கவில்லை, நாலு அடி ஆகியிருக்கிறதே, நானாக இருந்தால் இரண்டாவது அடியிலேயே தட்டியிருப்பேன் என்றது. புதுசு போல. இன்னும் பழகவில்லை. பழகிவிடுவாள்.

பன்னிரண்டும் பதின்மூன்றும் ஓடி முடிந்தன. ஹெட்போனைக் கழற்றினாள். தெருவில் ஒருவன் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், கிளம்பவில்லை. பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஏழரை என்று தாளில் எழுதினாள், அது நிஜமில்லை என்று பார்த்த உடனே தெரிந்தது, அடித்தாள். பாடகர் குழுவில் இருந்த நாளிலிருந்து அவள் எதில் பொய் சொல்லியிருந்தாலும் சுருதியில் சொன்னதில்லை. ஒன்பது. நாற்பத்தேழாவது நிமிடத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள், வயிறெரிந்துகொண்டே, ஆனால் ஒரு வார்த்தை குறைக்காமல். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: இந்த ஆல்பத்தில் இரண்டு பேர் வேலை செய்திருக்கிறார்கள். அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் போன் அடித்தது.

"ஒன்பதா அக்கா? நீங்க ஒன்பது போட்டு நான் பார்த்ததே இல்லியே" என்றான் இம்தியாஸ். "அந்தக் கடைசி வரி மட்டும் புரியலை. அவங்க அனுப்பின தாள்ல அவர் பேர் ஒண்ணுதான் இருக்கு."

"இருக்காது தம்பி. போடமாட்டாங்க."

"அப்ப எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியுது. அவருக்குப் போன் பண்ணி அந்த இன்னொருத்தங்க பேரைக் கேளுங்க. கேட்டு அந்த வரியில சேருங்க. பேர் இல்லாம அது வரக் கூடாது."

"அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிட்டார்னா?"

"சுகிர்தா கேட்டான்னு சொல்லுங்க. சொல்லுவார்."

"அவர் உங்களுக்குப் பழக்கமாக்கா?"

"வீட்டுக்காரர்தான். தள்ளி இருக்கோம். முதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லலை, என் தப்பு. வேற யாரையாவது கேக்கச் சொல்லி மார்க் போடறதுன்னாலும் போட்டுக்கங்க. ஒன்பதுக்குக் கீழ யாரும் போடமாட்டாங்க. பேரை மட்டும் விட்டுடாதீங்க."

கேட்டுப் பார்க்கிறேன் என்று இம்தியாஸ் வைத்துவிட்டான். ஜெபராஜ் மறுத்துவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள், மறுக்க வேண்டும் என்றும் நினைத்தாள். யாரும் இல்லை, அந்த அம்மாவுக்குக் காது கெட்டுப்போச்சு என்று ஒரு வார்த்தை ஜெபராஜ் சொல்லிவிட்டால் போதும், காது கெட்டவளாகவே மிச்சக் காலத்தையும் நிம்மதியாக ஓட்டிவிடலாம். அல்லது இழுத்தடிக்கட்டும், சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்லட்டும், கொஞ்சம் கூசட்டும். பத்தொன்பது வருடத்தில் எத்தனை மேடை, எத்தனை அழைப்பிதழ், ஒன்றிலாவது 'சுகிர்தா' என்று நாலு எழுத்து போடச் சொல்லி அவள் கேட்டதில்லை, அவனுக்கும் தோன்றியதில்லை. நிமிடம் மூன்றுகூட ஆகியிருக்காது. இம்தியாசிடமிருந்து செய்தி வந்தது. உடனே சொல்லிட்டார் அக்கா, சந்தோஷமா சொன்னார், முதல் எழுத்தோட போடணும்னார் என்று இருந்தது, அதற்குக் கீழே பேர். எம். வினோலியா. சுகிர்தா அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். நல்ல பேர். போட்டுடுங்க தம்பி என்று பதில் அனுப்பிவிட்டு, முறத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.